கெய்ரோக் குழந்தைகளின் ரத்தம்

இரண்டாம் உலகப் போரின்போது எகிப்தில் பாசறை அமைத்திருந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகளில் வளர்ந்த ஆண்கள் இளம்பிள்ளை வாதத்தில் (போலியோ) விழுந்தார்கள். ராணுவ மருத்துவர்களுக்கு இது புதிராக இருந்தது. அன்றைய மருத்துவ அறிவின்படி போலியோ குளிர்ந்த, செழிப்பான நாடுகளின் நோய். ஸ்வீடனில் கொள்ளையாக வந்திருந்தது. 1916-ல் நியூயார்க் நகரத்தில் சுமார் 9,000 பேரைத் தாக்கி 2,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. எகிப்து, இந்தியா போன்ற நாடுகளின் சுகாதார அறிக்கைகளிலோ அதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஊர்க்காரர்களுக்கு இல்லாத நோய் ஊருக்கு வந்த சிப்பாய்க்கு மட்டும் எங்கிருந்து தொற்றியது? இந்தியாவில் நிறுத்தப்பட்டிருந்த படைகளிலும் இதே கதைதான். டக்ளஸ் மக்கால்பைன் 1945-ல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை, சாதாரணச் சிப்பாய்களைவிட அதிகாரிகளே கூடுதலாகத் தாக்கப்பட்டதைக் காட்டியது. வசதியான வீட்டில், நல்ல குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவனே கிழக்கே வந்ததும் சாய்ந்தான். இதை ஆராய 1943-ல் மத்திய கிழக்குக்கு வந்த அமெரிக்க ராணுவக் குழுவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ராட்மன் பாலும், பின்னாளில் சொட்டு மருந்தால் பெயர்பெற்ற ஆல்பர்ட் சேபினும் இருந்தார்கள். வைரஸ் அந்த ஊர்களில் எங்கும் இருந்தது, உள்ளூர் மக்கள் அதைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சந்தித்து முடித்துவிட்டார்கள் என்பதே புதிருக்கு விடை. அதை மெய்ப்பித்தது குழந்தைகளின் ரத்தம். ஆனால் அந்த ரத்தம் சொன்னதில் பாதியை மட்டும் மருத்துவ உலகம் கேட்டுக்கொண்டது, மீதிப் பாதி கால் நூற்றாண்டு காத்திருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வைரஸ் உடலுக்குள் நுழைந்தால் அதற்கென்றே உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. நோய் வெளியே தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் பல்லாண்டு, பெரும்பாலும் வாழ்நாள் முழுதும், தங்கிவிடுகிறது. போலியோவைப் பொறுத்தவரை இந்த அறிவு மிகப் பழையது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் எர்வின் பாப்பரும் 1908-ல் வியன்னாவில் நோயைக் குரங்குக்குக் கடத்திக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில், நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) வைரஸோடு கலந்தால் அந்த வைரஸ் குரங்கை முடக்குவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஆக, யாருடைய சீரம் வைரஸை முறியடிக்கிறதோ அவர் அந்த வைரஸைச் சந்தித்தவர். சோதனையின் தர்க்கம் எளிது. செலவுதான் மலைக்க வைத்தது. ஒவ்வொருவர் சீரத்துக்கும் ஒரு குரங்கையாவது பலிகொடுக்க வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் ஹட்சன், லெனெட் என்ற இரு ஆய்வாளர்கள் லைபீரியா மக்களின் சீரத்தைச் சோதித்து, போலியோவே கேள்விப்படாத அந்த ஊரிலும் வைரஸை முறியடிக்கும் சீரம் இருப்பதைக் கண்டார்கள். ஆனால் குரங்கை எண்ணிச் சோதிக்கும் முறையில் ஒரு ஊரின் குழந்தைகளை வயதுவாரியாக அலச வழியில்லை. (அந்தக் குரங்குகளில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போனவை. தடுப்பூசி ஆராய்ச்சி சூடுபிடித்த 1950-களில் அந்த ஏற்றுமதி லட்சக்கணக்கில் பெருகி, 1978-ல் இந்தியா தடைவிதிக்கும் வரை நீடித்தது. குரங்கை எண்ணி அனுப்பிய நாடு தன் போலியோக் குழந்தைகளை எண்ணாமலே இருந்தது.) 1939-ல் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் முட்டுக்கட்டையை விலக்கினார். மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரத்து நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்த வைரஸை முதலில் பருத்தி எலிக்கும் பிறகு வெள்ளைச் சுண்டெலிக்கும் பழக்கிவிட்டார். குரங்கு வேண்டியிருந்த இடத்தில் சுண்டெலி போதும் என்றானது. நூற்றுக்கணக்கான சீரங்களை வரிசையாகச் சோதிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

குழந்தைகளின் ரத்தம் ஏன் தேவைப்பட்டது? நாற்பது வயதுக்காரரின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அந்த நாற்பது ஆண்டுகளில் ஏதோ ஒருநாள் வைரஸ் வந்துபோனது என்று மட்டுமே சொல்லமுடியும். இரண்டு வயதுக் குழந்தையின் சீரத்தில் இருந்தால் காலம் இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடுகிறது. குழந்தை ஊரைவிட்டு எங்கும் போயிராது என்பதால் இடமும் உறுதியாகிறது. பதிவேடே வைத்திராத ஊரிலும் குழந்தைகளின் வயதை வரிசைப்படுத்தினால் வைரஸின் வரலாறு ஆண்டுவாரியாக எழுந்து வரும். 1930-களில் மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவில் எங்கெங்கே இன்னும் உலவுகிறது என்று ராக்கஃபெல்லர் அறக்கட்டளை வரைந்த வரைபடத்துக்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை. பெரியவர்களிடம் மட்டும் எதிர்ப்பொருள் இருந்தால் பழைய கதை. பிள்ளைகளிடமும் இருந்தால் வைரஸ் இன்னும் அங்கே உலவுகிறது. ஒரேயொரு சிக்கல், பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் கலந்திருக்கும். அது சில மாதங்களில் கரைந்துபோகும். எனவே ஒவ்வொரு வயதிலும் எதிர்ப்பொருள் உள்ளோரின் விகிதத்தைக் காட்டும் வயதுக்கோட்டில் முதலில் ஒரு சரிவும் பிறகு ஒரு ஏற்றமும் தெரியும். அந்த ஏற்றமே குழந்தை தானாகத் தேடிக்கொண்ட தொற்று.

இந்த முறையை ஜான் பால் இரு துருவங்களில் நிறுத்திப் பார்த்தார். ஒன்று அலாஸ்காவின் வடகோடியில், அன்று பாரோ எனப்பட்ட இன்யூபியாட் குடியிருப்பு. அவரும் ஜான் ரியார்டனும் 1949-ல் அங்கே திரட்டிய சீரங்களைச் சோதித்து மறு ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். லான்சிங் வகை வைரஸுக்கான எதிர்ப்பொருள் ஏறத்தாழ இருபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருந்தது. அதற்குக் கீழ் உள்ளவர்களிடம் இல்லை என்றே சொல்லலாம். இருபது ஆண்டுக்கு முன், 1930 வாக்கில், அந்த வைரஸ் அங்கே வந்து, ஊரையே தொட்டுவிட்டு, தொற்றிக்கொள்ள ஆள் தீர்ந்துபோய் அணைந்துவிட்டது. மறுதுருவம் கெய்ரோ. பால், மெல்னிக், பார்னெட், கோல்ட்புளும் நால்வரும் 1952-ல் வெளியிட்ட ஆய்வில், கெய்ரோவின் கோடு முதல் பிறந்தநாளை ஒட்டி மேலேறத் தொடங்கி, குழந்தை ஓடியாடும் வயதுக்குள் உச்சத்தை நெருங்கிவிடுகிறது. அமெரிக்க நகரங்களிலோ அதே உயரத்தை எட்டப் பள்ளிப் பருவம் முழுதும் போதவில்லை. போலியோ இல்லை என்று அறிக்கை எழுதிய நகரத்தில்தான் போலியோ வைரஸ் மிக வேகமாக உலவியது.

இதை அன்றே சிலர் ஐயப்பட்டார்கள், ஐயம் நியாயமானதே. சுண்டெலி மூளையில் நடக்கும் முறியடிப்பு உண்மையிலேயே போலியோவுக்கு உரியதா, அசுத்தமான ஊரின் குடலில் வாழும் வேறேதாவது வைரஸின் எதிர்ப்பொருள் இதையும் முறியடிக்கிறதா என்பது முதல் கேள்வி. இதற்குப் பாரோவே பதில். அங்கே இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கும் வேறு குடல் வைரஸ்கள் வந்துபோயிருக்கும். ஆனாலும் அவர்கள் சீரம் லான்சிங் வைரஸைத் தடுக்கவில்லை. உறவில்லாத வைரஸ்கள் பொய்ச்சாட்சி சொல்வதானால் வயதுக்கோடு இருபதில் அத்தனை கூர்மையாக முறிந்திருக்காது. இரண்டாவது கேள்வி, லான்சிங் என்பது ஒரே ஒரு வகை, அது மொத்தப் போலியோவுக்கும் பேசுமா என்பது. பேசாது. போலியோ வைரஸ் மூன்று வகைப்படும் என்பது 1951-க்குள் உறுதியானபோது, லான்சிங் இரண்டாம் வகை என்றும், பெரும்பாலான வாதத்துக்குக் காரணம் முதலாம் வகை என்றும் தெளிவாயிற்று. ஆனால் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் 1949-ல் வைரஸைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டியதால், எலியைத் தொடாத மற்ற இரு வகைகளையும் கண்ணாடிக் குழாயிலேயே சோதிக்க முடிந்தது. அவ்வாறு சோதித்தபோது வெப்பநாடுகளின் கோடு மேலும் உறுதிப்பட்டதே தவிர மாறவில்லை. மாதிரி எடுத்தது யாரிடம், மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளிடமா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். அப்படியே இருந்தாலும், ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும் ஒன்றை மாதிரிக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

ஆக, சோதனை சரி. கோளாறு வாசிப்பில் வந்தது. கெய்ரோவின் கோட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். மூன்று வயதுக்குள் எல்லாரும் எதிர்ப்புச்சக்தி பெற்றுவிடுகிறார்கள் என்பது ஒன்று. மூன்று வயதுக்குள் எல்லாரையும் வைரஸ் தாக்கிவிடுகிறது என்பது இன்னொன்று. ஒரே எண்ணுக்கு இரண்டு பொருள். முதல் வாசிப்பு நல்ல செய்தி, அதுவே பரவியது. கைக்குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் துணையிருக்கும்போதே வைரஸ் வந்துபோகிறது, ஆகையால் வாதம் அரிது, ஏழை நாடுகளுக்கு இயற்கையே தடுப்பூசி போட்டுவிட்டது என்ற விளக்கம் பாடநூலுக்குள் ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் பெய்ன் 1955-ல் சிசு மரணம் மிகுந்த நாடுகளில் போலியோக் கணக்கு குறைவாகவும், சிசு மரணம் குறைந்த நாடுகளில் கூடுதலாகவும் இருப்பதைக் காட்டினார். அது ஒரு உண்மையான போக்கு; சுத்தம் கூடக்கூடத் தொற்று பெரிய வயதுக்குத் தள்ளிப்போய்க் கொள்ளைநோயாக வெடிக்கும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. ஆனால் அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்டது, இந்தியா போன்ற நாடு இன்னும் சில பத்தாண்டுகள் கவலைப்பட வேண்டியதில்லை என்பதைத்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோய்க் கணக்கு குறைவாக இருந்தது நோய் குறைவாக இருந்ததாலா, எண்ணுவதற்கு ஆளில்லாததாலா? சிசு மரணம் மிகுந்த நாடு என்றாலே மருத்துவமனையும் பதிவேடும் குறைந்த நாடு. பெய்னின் வரைபடம் இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை.

அந்தக் காலத்து மருத்துவர்கள் அவ்வளவு அறியாதவர்களா என்று கேட்கலாம். மலேரியாவும் பெரியம்மையும் காலராவும் ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருந்த நாட்டில், அரிதாகக் காலை முடக்கும் நோயைப் பின்வரிசையில் வைத்தது குற்றமா? முன்னுரிமை வகுத்ததில் குற்றமில்லை. ‘அரிது’ என்று சொல்வதற்கு ஆதாரம் என்ன என்று கேட்காததே பிழை. அதைக் கேட்டிருந்தால் ஒரு பெருக்கல் கணக்கே விடை சொல்லியிருக்கும். முதலாம் வகை வைரஸ் தொற்றும் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவரையும், மூன்றாம் வகை ஆயிரத்தில் ஒருவரையும், இரண்டாம் வகை இரண்டாயிரத்தில் ஒருவரையும் முடக்குகிறது என்பது இன்றைய மதிப்பீடு. 1950-களில் இவ்வளவு நுணுக்கமில்லை. என்றாலும் நூற்றிலோ சில நூற்றிலோ ஒருவர் என்ற அளவு தெரிந்தே இருந்தது. ஓர் ஊரின் ஆயிரம் குழந்தைகள் மூன்று வகையையும் சந்தித்தே தீருகிறார்கள் என்று எதிர்ப்பொருள் சொல்கிறது. அப்படியானால் முதலாம் வகையால் ஐந்து பேர், மூன்றாம் வகையால் ஒருவர், இரண்டாம் வகையால் அரை என்று, ஆயிரத்துக்கு ஆறு ஏழு குழந்தைகள் கால் சூம்பி நடக்க வேண்டும். இளவயதில் வாத விகிதம் சற்றுக் குறைவு, ஒரு வகையின் தொற்று மற்றொன்றை ஓரளவு மட்டுப்படுத்தக்கூடும் என்றெல்லாம் கழித்துக்கொண்டாலும், விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராது. தொற்று எல்லாருக்கும் பொது என்றால், சிறிய விகிதமும் பெரிய எண்ணிக்கைதான்.

இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் தரையில் போட்டது கானா. தலைநகர் அக்ராவுக்கு அருகே டான்ஃபா என்ற கிராமப் பகுதியில் இயங்கிய சுகாதாரத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள், 1970-களின் நடுவில் பள்ளிப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்து எண்ணினார்கள். போலியோவுக்கே உரிய முடக்கம் தசையைச் சூம்ப வைக்கும், தொடு உணர்ச்சியை விட்டுவைக்கும். பயிற்சி பெற்ற கண் அதை அடையாளம் காணும். 1977-ல் வெளியான முடிவின்படி பள்ளி வயதுக் குழந்தைகளில் ஆயிரத்துக்குக் குறைந்தது ஏழு பேர் போலியோவால் கால் முடங்கியவர்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் மக்களுக்குக் குறைந்தது 28 பேர் முடங்குகிறார்கள் என்று அதிலிருந்து கணித்தார்கள். அமெரிக்காவின் போலியோ வரலாற்றிலேயே மோசமான ஆண்டான 1952-ல் சுமார் 21,000 பேர் வாதத்துக்கு ஆளானார்கள். மக்கள்தொகையோடு வகுத்தால் லட்சத்துக்குப் பதினான்குக்கும் குறைவு. அதாவது அமெரிக்கா நடுங்கிய கொள்ளைநோய் ஆண்டைப்போல் இருமடங்கு வாதத்தை, கானாவின் கிராமம் ஆண்டுதோறும், செய்தியாகாமல், தாங்கிக்கொண்டிருந்தது. கொள்ளைநோய் கோடையில் திரண்டு வந்து பத்திரிகைத் தலைப்பாகிறது. ஆண்டு முழுதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் குழந்தையை யார் கூட்டிப் பார்ப்பது? பர்மாவிலும் வேறு நாடுகளிலும், 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இதேபோல் கால்களை எண்ணியபோது பழைய ஆறுதல் எங்கும் நிற்கவில்லை. ஜான் பால் 1971-ல், போலியோவின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதி வெளியிட்ட ஆண்டிலேயே, இறந்துவிட்டார். அவருடைய கெய்ரோக் கோட்டின் மறுபாதி விளங்கியது அதற்குப் பிறகுதான்.

எதிர்ப்பொருள் சோதனைக்கு இந்தியாவில் இன்னொரு வேலையும் வாய்த்தது. அதற்கு இடம் வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான் சொட்டு மருந்து எடுத்துக்கொண்ட குழந்தைகளின் சீரத்தைச் சோதித்தார். மேல்நாடுகளில் மூன்று தவணை முடிந்ததும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்பொருள் வந்துவிடும். வேலூர்க் குழந்தைகளில் முதலாம், மூன்றாம் வகைகளுக்கு எதிர்ப்பொருள் பெற்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கு அளவே. 1972-ல் இது அச்சேறியபோது மறுப்புகள் எழாமல் இல்லை. மருந்து வெயிலில் கெட்டிருக்கும், தாய்ப்பால் அழித்திருக்கும், குடலில் ஏற்கெனவே இருந்த வேறு வைரஸ் இடம்விடாதிருக்கும் என்று ஒவ்வொன்றாக முன்வைக்கப்பட்டன. மற்ற வைரஸ்களின் குறுக்கீடு காரணமல்ல என்பது முதல் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. தாய்ப்பாலும் காரணமாகவில்லை. மிஞ்சியது, அந்தக் குழந்தைகளின் குடலில் இந்த மருந்து மூன்று முறையில் வேலை செய்து முடிப்பதில்லை என்ற கசப்பான முடிவு. அதற்கு அவர் சொன்ன வழி, தவணைகளைக் கூட்டுவது, அல்லது ஊசி மருந்துக்குப் போவது. வேலூர் நகரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில், சுற்றுச் சுற்றாகச் சொட்டு மருந்து கொடுத்து வாதம் குறைவதையும் 1983-ல் எழுதிக் காட்டினார். நாடோ 1979-ல் தொடங்கிய திட்டத்தில் மூன்று தவணையையே அளவாக வைத்துக்கொண்டது. நாடு தழுவிய போலியோ முகாம்கள் 1995-ல்தான் வந்தன. அப்போதும் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பத்துத் தவணைக்கு மேல் பெற்ற பிள்ளைகள் விழுந்தார்கள். ஒரு தவணையின் காப்பு முதலாம் வகைக்கு எதிராக உத்தரப் பிரதேசத்தில் 9 விழுக்காடு மட்டுமே, நாட்டின் பெரும்பகுதியில் 21 என்று 2006-ல் நிக்கலஸ் கிராஸ்லியின் குழு கணித்தபோது, வேலூர்ச் சீரங்கள் முன்பே சொன்னது மறுபடி சொல்லப்பட்டது. இந்தியாவின் கடைசிக் காட்டுவகைப் போலியோ நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை.

இதற்குள் எதிர்ப்பொருளின் சாட்சியம் வேறொரு வகையில் பழுதுபட்டிருந்தது. சொட்டு மருந்தே உயிருள்ள வைரஸ். அது தரும் எதிர்ப்பொருளையும் காட்டுவகை தரும் எதிர்ப்பொருளையும் ரத்தத்தில் பிரித்தறிய முடியாது. ஊரெல்லாம் சொட்டு மருந்து கொடுத்த பிறகு, இரண்டு வயதுக் குழந்தையின் சீரம் வைரஸின் வரலாற்றைச் சொல்வதில்லை; முகாம் ஊழியர் வீட்டுக்கு வந்தாரா என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே கண்காணிப்பு திடீரெனக் கால் தளர்ந்த ஒவ்வொரு குழந்தையின் மலத்தையும் சோதிப்பதற்கு மாறியது. பிறகு சாக்கடை நீருக்கும் போனது. ஊசி மருந்து மட்டும் கொடுக்கும் நாடுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. ஊசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறையத் தருகிறது, வாதத்தையும் தடுக்கிறது. ஆனால் குடலில் வைரஸ் வளர்ந்து வெளியேறுவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இஸ்ரேல் 2005 வாக்கில் ஊசிக்கு மட்டும் மாறியிருந்தது. 2013-ல் தென்பகுதி ராஹத் நகரத்தின் கழிவுநீரில் காட்டுவகை முதலாம் போலியோ வைரஸ் தென்பட்டது. பின்னோக்கிச் சோதித்ததில் அது மாதக்கணக்காக அங்கே சுற்றிவந்தது தெரிந்தது. ஒரு குழந்தைக்கும் வாதம் இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்தால் எதிர்ப்பொருள் குறையின்றி இருந்திருக்கும்; வைரஸ் வந்ததற்கு அதில் தனித் தடயம் தெரிந்திருக்காது. அந்த ஆகஸ்டில் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இஸ்ரேல் மறுபடியும் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது.